வயலின் கப்ரீஸ் எழுதும்போது எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

தனி வயலினுக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற, வாசிப்பவருக்குக் கொஞ்சம் வியர்க்கிற ஒரு சிறு படைப்பு எழுதலாம் என்று உட்காருகிறோம். மேற்கத்திய வயலின் மரபில் இதற்கு எட்யூட், கப்ரீஸ் என்று இரண்டு பெயர்கள் உண்டு. பயிற்சி வாசம் அதிகம் இருந்தால் எட்யூட், மேடை வாசம் அதிகம் இருந்தால் கப்ரீஸ். இரண்டுக்கும் நடுவே வேலி எதுவும் கிடையாது. இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் 24 கப்ரீஸ்கள் 1820-இல் மிலானில் ரிக்கோர்டி பதிப்பகத்தில் அச்சானபோது, அவற்றை 'கலைஞர்களுக்கு' என்றுதான் சமர்ப்பித்திருந்தார். இன்று அவை பயிற்சி அறையிலும் இருக்கின்றன, மேடையிலும் இருக்கின்றன.

நான் வயலின் சுமாராகத்தான் வாசிப்பேன். எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை. எழுதியதை நன்றாக வாசிப்பவரிடம் கொடுத்து, அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, திரும்பி வந்து அடித்துத் திருத்தியதில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை. உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை, எல்லா இடத்திலும் கூடவே வரும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வையுங்கள். சிக்கலான பாரை (இசைத்தாளில் இரண்டு நெடுங்கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) அந்த வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக வாசிக்கும்போது எளிதாகிவிட்டால் அது நல்ல கஷ்டம், பழகினால் வரும், தொடாதீர்கள். மெதுவாக வாசித்தாலும் அதே கஷ்டம் இருந்தால் தப்பு தாளில் இருக்கிறது. மெதுவாக வாசித்தால் இன்னும் மோசமானால் அது மூன்றாவது வகை, அதைப் பின்னால் பார்ப்போம்.

அறிகுறி: கணினி அழகாக வாசிக்கிறது, கையால் வாசிக்க முடியவில்லை

புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்த கோளாறு இது. நொட்டேஷன் மென்பொருளுக்கு விரல் கிடையாது. எதைப் போட்டாலும் வாசித்துக் காட்டும். நாமும் தலையாட்டிவிட்டு அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது ஒரே தந்தியில் இரண்டு சுரம். வயலினின் தந்திகள் கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. மிடில் சி-க்கு மேலே இருக்கிற டி-தான் இரண்டாவது தந்தியின் திறந்த சுரம். ஆக, அந்த டி-க்குக் கீழே உள்ள எல்லாச் சுரமும் ஜி தந்தியில் மட்டுமே கிடைக்கும். அங்கே இரண்டு சுரத்தைச் சேர்த்து எழுதினால், ஒரு தந்தியில் இரண்டு ஒலி கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அடி ஜி-யும் அதற்கு மேலே உள்ள பி-யும் பியானோவில் குழந்தை கூட வாசிக்கும் கூட்டு. வயலினில் உலகத்தில் யாராலும் முடியாது. பி-யும் டி-யும் சேர்ந்தால் வரும், ஏனென்றால் டி திறந்த தந்தி. இந்த ஒரு எல்லையை மனத்தில் வைத்தாலே பாதித் தவறு போய்விடும்.

அடுத்தது விரல்களின் கணக்கு. டபுள் ஸ்டாப் (இரண்டு தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம்) எழுதும்போது எந்த விரல் எந்தத் தந்தியில் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். மூன்றாம் இடைவெளிக்கு (சி-யும் ஈ-யும் போல, இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் மூன்று சுரம்) கீழ்த் தந்தியில் மோதிர விரல், மேல் தந்தியில் ஆள்காட்டி விரல், அல்லது கீழே சுண்டு விரலும் மேலே நடுவிரலும். ஆறாம் இடைவெளிக்குப் பக்கத்துப் பக்கத்து விரல்கள். ஸ்தாயிக்கு, அதாவது எட்டாம் இடைவெளிக்கு, கீழ்த் தந்தியில் ஆள்காட்டி, மேல் தந்தியில் சுண்டு விரல். ஐந்தாம் இடைவெளிக்கு ஒரே விரலைக் குறுக்கே போட்டு இரண்டு தந்தியையும் அமுக்க வேண்டும். இந்தக் கடைசி ஆள்தான் நயவஞ்சகன். தாளில் பார்க்க அப்பாவியாக இருக்கும். விரல் ஒரு நூல் சாய்ந்தால் ஒரு தந்தி சரியாகவும் இன்னொன்று அபஸ்வரமாகவும் கேட்கும். நீண்டு நிற்கிற ஐந்தாம் இடைவெளி ஒன்றிரண்டு போடலாம். வேகத்தில் வரிசையாகப் போட்டால் வாசிப்பவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

பத்தாம் இடைவெளி, அதாவது ஸ்தாயிக்கு மேல் ஒரு மூன்றாம் இடைவெளி, கைக்கு நீட்டல். கப்ரீஸ் எழுத வந்தவருக்கு அதன் மேல் ஆசை வராமல் இருக்காது. அதைக் கீழ்ப் பொசிஷனில் (பொசிஷன் என்பது தந்தியில் இடது கை உட்காரும் இடம்) எழுதாதீர்கள். காரணம் எளிய அளவுதான். தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். திறந்த தந்தியிலிருந்து ஒரு முழுச் சுரம் மேலே போக விரல் சுமார் 3.6 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதே முழுச் சுரத்துக்கு 1.8 சென்டிமீட்டர் போதும். மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது, கை அதே கைதான். மூன்றாம், நான்காம் பொசிஷனில் தொடங்கினால் சிறிய கைக்காரரும் தப்பிப்பார்.

தாவலும் இந்த வகைதான். முதல் பொசிஷனிலிருந்து ஏழாம் பொசிஷனுக்கு ஒரு செமிகுவேவர் (கால் தட்டு) நேரத்தில் போகச் சொன்னால், வேகத்தைக் குறைத்தாலும் சறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பழைய தந்திரம் ஒன்று உண்டு: தாவலுக்கு நடுவே ஒரு திறந்த தந்தியைச் செருகுங்கள். திறந்த ஈ ஒலிக்கும் நேரத்தில் இடது கை காலியாக இருக்கிறது, நிதானமாக மேலே போய் உட்காரலாம். கேட்பவருக்குப் பிரமாதமான பாய்ச்சல் மாதிரி இருக்கும். வாசிப்பவருக்குப் பேருந்தில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி.

'முடியாது' என்ற சொல்லுக்கு ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1977-இல் தொடங்கிய ஃப்ரீமன் எட்யூட்களைப் பாதியில் நிறுத்தினார், வாசிக்கவே முடியாது என்ற பேச்சு வந்ததால். பிறகு வயலின் கலைஞர் இர்வின் ஆர்டிட்டி அவற்றை வாசித்ததைப் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்கி, 1990-இல் 32 எட்யூட்களையும் முடித்தார். உடனே 'பார், முடியும்' என்று கிளம்பாதீர்கள். கேஜ் எந்தக் கூட்டுச் சுரங்கள் வயலினில் கிடைக்கும் என்று ஒரு வயலின் கலைஞரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டுவிட்டுத்தான் எழுதினார். கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை.

அறிகுறி: மெதுவாகச் சுத்தம், வேகமாக வாசித்தால் நடுத் தந்திகளும் சேர்ந்து கத்துகின்றன

இடது கையை விட்டுவிட்டு வலது கையைப் பாருங்கள். தந்திகளைத் தாங்குகிற குதிரை (பிரிட்ஜ்) வளைவானது. ஜி தந்தியிலிருந்து ஈ தந்திக்குப் போக வில் டி-யையும் ஏ-யையும் தாண்டிப் போக வேண்டும். மெதுவாகத் தூக்கி வைத்துப் போகலாம். வேகத்தில், அதுவும் ஸ்லர் (பல சுரங்களை ஒரே வில்லில் வாசிக்கச் சொல்லும் வளைகோடு) போட்டு எழுதியிருந்தால், வில் நடுவில் உள்ளவற்றை உரசிக்கொண்டுதான் போகும்.

பாதி வேகச் சோதனையில் இது தேறிவிடும் என்பதுதான் ஆபத்து. நல்ல கஷ்டம் என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆகவே ஒரு கூடுதல் கேள்வி: இரண்டு வாரம் பழகினால் சரியாகுமா? பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே ஆடுவது சரியாகும். ஒரு தந்தியைத் தாண்டிப் போவதும் வருவதுமாக எட்டு பார் எழுதியிருந்தால் சரியாகாது.

மருந்து பல நேரம் வேறு தந்தியில் இருக்கும். உதாரணமாக, திறந்த டி-க்கும் ஈ தந்தியில் நடுவிரலில் கிடைக்கும் ஜி-க்கும் மாறி மாறிப் போகிற ஒரு வடிவம். நடுவில் ஏ தந்தி சும்மா நின்று இடிக்கிறது. அதே ஜி, மூன்றாம் பொசிஷனில் ஏ தந்தியில் சுண்டு விரலுக்குக் கிடைக்கும். அங்கே மாற்றினால் டி-யும் ஏ-யும் அக்கம்பக்கத்து வீடுகள். ஒலியின் நிறமும் கொஞ்சம் இருண்டு அழகாகிவிடும். விரல் எண்ணை மட்டும் சுரத்தின் மேல் போட்டு விடாமல், எந்தத் தந்தி என்றும் எழுதிவிடுங்கள்.

அது முடியாவிட்டால் வரிசையை மாற்றுங்கள். நான்கு தந்தியிலும் போகிற அர்பெஜியோவை (ஒரு கூட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) ஜி, டி, ஏ, ஈ என்று படியேறி, அதே வழியில் இறங்க விட்டால் வில் ஊஞ்சல் மாதிரி போய் வரும். பாகனினியின் முதல் கப்ரீஸ் பெரும்பாலும் இந்த ஊஞ்சல்தான்.

இன்னொரு விஷயம், ஆசிரியர்கள் கூடச் சொல்ல மறப்பது. இரண்டு தந்திகளுக்கு நடுவே தனித்தனி வில்லாக ஆடும்போது வலது மணிக்கட்டு ஒரு வட்டம் போடுகிறது. கடிகாரச் சுற்றிலோ எதிர்ச் சுற்றிலோ. எந்தச் சுற்று என்பது முதல் சுரம் கீழ் வில்லா (பிடியிலிருந்து நுனிக்கு இழுப்பது) மேல் வில்லா (நுனியிலிருந்து பிடிக்குத் தள்ளுவது) என்பதைப் பொறுத்தது. ஒரு சுற்று ஒருவருக்கு வெண்ணெய், மற்றொன்று கல். பார் முழுக்க ஏதோ வலிக்கிறது என்று வாசிப்பவர் சொன்னால், முதல் இரண்டு சுரத்துக்கு மட்டும் ஒரு ஸ்லர் போட்டுப் பாருங்கள். அதற்குப் பின் எல்லாம் திசை மாறிவிடும். ஒரு சின்ன வளைகோடு, வேறெதுவும் செய்யவில்லை, பாட்டு வாசிக்கக் கிடைத்துவிடும்.

அறிகுறி: வில் துள்ள வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது

இங்கே நம் சோதனை வேலை செய்யாது. துள்ளல் வில்லைப் பாதி வேகத்தில் வாசிக்கவே முடியாது, பந்தை மெதுவாகத் துள்ளச் சொல்ல முடியாதது போல.

ஸொட்டியே என்பது வில்லின் நடுப்பகுதி தானாக அதிர்ந்து துள்ளுவது. குரோட்செட் 60 (நிமிடத்துக்கு 60 தட்டு) என்று போட்டுவிட்டு செமிகுவேவர்களுக்கு அதைக் கேட்டால் கிடைக்காது. அந்த வேகத்தில் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற ஸ்பிக்காட்டோதான் வரும். குரோட்செட் 120-ஐ ஒட்டிப் போகும்போது வில் தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கும். வில்லுக்கு வில் இது மாறும், ஆகவே எண்ணைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். வேகக் குறியையும் வில் குறியையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரி எழுதினால் போதும்.

ரிக்கோஷே வேறு சாதி. வில்லை ஒருமுறை எறிந்து, அது துள்ளுகிற துள்ளலில் பல சுரங்களை எடுப்பது. ஒரு எறிவுக்கு மூன்று, நான்கு சுரம் வசதியானது. கூடக் கூடத் துள்ளலின் உயரம் குறைந்து, சுரங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு வரும். அப்போது இடது கை வில்லைத் துரத்த வேண்டியதாகிவிடும். அதோடு ரிக்கோஷே மேல் 'படிப்படியாகச் சத்தம் கூட்டு' என்று குறி போடாதீர்கள். எறிந்த பந்து போகப் போக உயரமாகத் துள்ளாது.

ஐந்தாம் கப்ரீஸின் கதையை இங்கே சொல்லலாம். மூன்று சுரம் எறிந்த கீழ் வில், ஒரு சுரம் மேல் வில் என்று பாகனினி அதற்கு வில் முறை குறித்திருக்கிறார். நிறையப் பேர் அதை விட்டுவிட்டு ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வில்லாகவே வாசிக்கிறார்கள். பாகனினி எழுதியதையே ஜனங்கள் மாற்றி வாசிக்கும்போது, நீங்கள் எழுதியதை மாற்றினால் கோபப்பட ஒன்றுமில்லை. துள்ளல் போனாலும் இசை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: இருபதாவது பாரில் கை வலிக்கிறது என்கிறார்

மெதுவாக வாசித்தால் இன்னும் மோசமாகும் என்று சொன்ன மூன்றாவது வகை இதுதான். நீட்டிய கையை இரட்டிப்பு நேரம் நீட்டியே வைத்திருக்க வேண்டும் அல்லவா? எந்த ஒரு பாரிலும் தப்பு இருக்காது. தப்பு அடுக்கில் இருக்கிறது.

ஸ்தாயிகள் தொடர்ந்து வந்தால் ஆள்காட்டிக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கை ஒரு சட்டம் போலப் பூட்டிக்கொள்கிறது, கட்டை விரல் கழுத்தை இறுக்குகிறது. நான் வைத்திருக்கிற கணக்கு: நீட்டிய கையில் நான்கு பார் என்றால், மூடிய கையில் ஒரு பார். அந்த ஒரு பாரை வெறுமையாக விட வேண்டியதில்லை. திறந்த தந்தி ஒலிக்கும் ஒரு அர்பெஜியோ, ஒற்றைத் தந்தியில் ஓடும் ஒரு ஸ்கேல், எதுவானாலும் சரி. பாகனினியின் 17-ஆம் கப்ரீஸில் நடுப்பகுதி முழுக்க ஸ்தாயிகள். அதற்கு முன்னும் பின்னும் கைக்கு வேறு வேலை. கை ஓய்வெடுப்பதைக் கேட்பவர் வடிவ மாற்றமாகக் கேட்கிறார். இரண்டு லாபம்.

வலியோடு வாசித்துப் பழகச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். பென்சிலும் அழிரப்பரும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

அறிகுறி: எல்லாம் வாசிக்க வருகிறது, ஆனால் டியூஷன் பாடம் மாதிரி இருக்கிறது

இது கை விஷயம் இல்லை, காது விஷயம். எனக்கு மிகவும் பிடித்த கோளாறும் இதுதான், ஏனென்றால் இதில்தான் எழுதுவது தொடங்குகிறது.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அடித்தளம் இல்லை. தனி வயலினுக்குப் பக்கத்தில் பியானோ கிடையாது. பாஸ் குரலையும் வயலினே காட்ட வேண்டும், காட்டிவிட்டு மேலே ஓட வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1720-இல் எழுதிப் பிரதி செய்த தனி வயலின் சொனாட்டாக்களிலும் பார்ட்டிட்டாக்களிலும் ஒற்றை வரியாக ஓடுகிற இடங்களைப் பாருங்கள். ஒரு பாருக்கு ஓரிரு அடிச் சுரம்தான் வரும். அதைக் காது பிடித்து வைத்துக்கொள்கிறது, அடுத்த அடிச் சுரம் வரும்வரை. செமிகுவேவர் மழையில் அந்த அடிச் சுரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பாடிப் பாருங்கள். அது ஒரு நல்ல பாஸ் வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மழையை நிறுத்திவிட்டு எலும்புக்கூட்டை மறுபடி எழுதுங்கள்: 16 பார், மினிம்களில் (இரண்டு தட்டு நீளச் சுரங்கள்), மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், அவ்வளவுதான். அது பாடத்தக்கதாக வந்த பிறகுதான் சதை போட வேண்டும். இப்போதெல்லாம் நான் எலும்புக்கூடு இல்லாமல் ஒரு செமிகுவேவரும் எழுதுவதில்லை.

இரண்டாவது, வடிவம் அலுத்துவிட்டது. ஒரு வடிவத்தை ஒரு படி கீழே, இன்னொரு படி கீழே என்று நகர்த்திக்கொண்டே போவது எழுத எளிது. இரண்டாவது முறை காதுக்கு ஆனந்தம். மூன்றாவது முறை அது முன்கூட்டியே ஊகித்துவிடும். நான்காவது முறை கைபேசியை எடுத்துவிடும். மூன்றாவது முறை நகர்த்தும்போது பாதியிலேயே உடைத்து வேறு திசைக்குப் போங்கள். ஒத்திசைவின் நடையும் அப்படித்தான்: பாருக்கு ஒரு கோர்டு (கூட்டுச் சுரம்) என்று போய்க்கொண்டிருந்தால், முடிவை நெருங்கும்போது பாருக்கு இரண்டாக்குங்கள். வேகக் குறியைத் தொடாமலே வேகம் ஏறும்.

மூன்றாவது, உச்சத்தை முன்பே செலவு செய்தாகிவிட்டது. மொத்தப் படைப்பிலும் மிக உயர்ந்த சுரம் எது என்று தேடுங்கள். அது மூன்றாவது பாரிலேயே வந்திருந்தால் பின்னால் காட்ட ஒன்றுமில்லை. அந்தச் சுரத்தை முக்கால் தூரத்துக்குத் தள்ளி, ஒரே ஒரு முறை மட்டும் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ஒரே படைப்பில் எல்லா வித்தையும். என்னுடைய முதல் முயற்சியில் 40 பாருக்குள் ஸ்தாயி, ரிக்கோஷே, இடது கைப் பிட்சிக்காட்டோ (இடது கை விரலால் தந்தியைச் சுண்டுவது), ஹார்மோனிக் (தந்தியை லேசாகத் தொட்டு எடுக்கிற விசில் ஒலி) எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். வாசித்துப் பார்த்த நண்பர் தாளை மடித்து வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல எதைப் பழகணும்?" என்று கேட்டார். பதில் இல்லை. க்ரொய்ட்ஸரின் எட்யூட்களில் இரண்டாவது, சி மேஜரில் ஒரே ஓட்டமாகச் செமிகுவேவர்கள், வேறொன்றுமில்லை. ஆசிரியர்கள் அதற்கு விதவிதமாக வில் மாற்றிக் கொடுத்து இரண்டு நூற்றாண்டாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். வியனியாவ்ஸ்கி தன் பத்தாம் ஓப்பஸ் எட்யூட்களுக்கு ஸொட்டியே, ஸ்டக்காட்டோ, அர்பெஜியோ என்றே தலைப்பு வைத்தார். தலைப்பைப் படித்தாலே என்ன வேலை என்று தெரிந்துவிடும். உங்களுடையதற்கு ஒரு சொல்லில் தலைப்பு வைக்க முடியவில்லை என்றால், அது இரண்டு படைப்பு. வெட்டுங்கள்.

அறிகுறி: இடது கைப் பிட்சிக்காட்டோ கேட்கவே இல்லை

பெரும்பாலும் ஏறுவரிசையில் எழுதியிருப்பீர்கள். இடது கை விரல் தந்தியைச் சுண்டிவிட்டு எழும்போது, ஒலிப்பது அதற்குக் கீழே அமுக்கியிருக்கிற விரலின் சுரம். ஆகவே இது இறங்குவதற்கென்றே பிறந்த வித்தை.

ஏ தந்தியில் பாருங்கள். நான்கு விரலையும் வைத்து ஈ-யை வில்லால் வாசியுங்கள். சுண்டு விரல் சுண்டி எழுந்தால் டி. மோதிர விரல் எழுந்தால் சி. நடுவிரல் எழுந்தால் பி. ஆள்காட்டி எழுந்தால் திறந்த ஏ. ஐந்து சுரம், ஒரே மூச்சு. மேலே உள்ள ஈ-யைச் சுண்டுவதற்கு அதற்கு மேல் விரல் இல்லை, ஆகவே அது வில்லுக்கு. பாகனினியின் 24-ஆம் கப்ரீஸில் ஒன்பதாவது வேரியேஷன் இந்தக் கூட்டணியில்தான் ஓடுகிறது. இறங்கும் வரிசையைக் கை தானே பார்த்துக்கொள்ளும். ஏறத்தான் வேண்டும் என்றால் திறந்த தந்திகளை மட்டும் சுண்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஹார்மோனிக் விசில் வராமல் கீச்சென்கிறது

செயற்கை ஹார்மோனிக்கில் ஆள்காட்டி அமுக்குகிறது, சுண்டு விரல் நான்காம் இடைவெளி மேலே தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அமுக்கிய சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அது பேசத் தொடங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். செமிகுவேவர் ஓட்டத்துக்கு நடுவே ஒன்றைத் திணித்தால் கீச்சுதான். அதற்கு ஒரு குவேவராவது (அரைத் தட்டு) கொடுங்கள், முன்னால் ஒரு சின்ன ரெஸ்ட் விட்டால் இன்னும் நல்லது.

அறிகுறி: தப்பு ஒன்றுமில்லை, ஆனால் ஒலி அடைத்த மாதிரி இருக்கிறது

சுருதியைப் பாருங்கள். ஜி, டி, ஏ-யை ஆதாரமாகக் கொண்ட மேஜர், மைனர்களில் திறந்த தந்திகள் அடிக்கடி தொடப்படும், தொடாதபோதும் கூடவே அதிரும். ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று போனால் அந்த உதவி போய்விடும். அது தவறு என்று சொல்லவில்லை. பாகனினி ஈ ஃப்ளாட்டில் பல கப்ரீஸ்கள் எழுதியிருக்கிறார், ஏ ஃப்ளாட்டிலும் ஒன்று உண்டு. ஆனால் அதே மனிதர்தான் முதல் கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ராவை ஈ ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, தன் வயலினை அரைச் சுரம் ஏற்றிக் கட்டி, டி மேஜர் விரல்களில் வாசித்தார். பளபளப்பு எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அரைச் சுரம் இடம் மாற்றிப் பார்த்தாலே அடைப்பு விலகுகிற படைப்புகள் நிறைய. மாற்றிய பின் விரல் கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும், அது தண்டனை.

கர்நாடக வயலினிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. நம் முறையில் தந்திகள் ச-ப-ச-ப என்று கட்டப்படுகின்றன, கீழே உட்கார்ந்து வயலின் தலையைக் காலில் ஊன்றுவதால் இடது கை பாரம் தாங்காமல் தந்தி நெடுகச் சறுக்கிப் போய்வரும். நிற்கிற மேற்கத்திய வயலினில் நான்கு தந்தியும் ஐந்தாம் இடைவெளியில் படியேறுகின்றன, கை பொசிஷன் பொசிஷனாக உட்கார்ந்து உட்கார்ந்து போகிறது. உங்கள் கைக்கு வெண்ணெயாக வருகிற ஒரே விரல் சறுக்கலை அங்கே எழுதினால் அவர்களுக்கு அது கல். அவர்களின் மூன்றாம் இடைவெளி ஓட்டம் உங்கள் சுருதியில் வேறு விரல்களைக் கேட்கும். யாருக்கு எழுதுகிறோமோ அவருடைய கட்டலில் விரல் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாக வாசிப்பவர் கூடப் படிக்கத் தடுமாறுகிறார்

ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் பியானோவில் ஒரே கட்டை. வயலின்காரருக்கு அவை இரண்டு விரல்கள். டி தந்தியில் முதல் பொசிஷனில் ஜி ஷார்ப் என்றால் மோதிர விரலை நீட்டுவார், ஏ ஃப்ளாட் என்றால் சுண்டு விரலைப் பின்னிழுப்பார். ஈ, ஜி ஷார்ப், பி என்று வர வேண்டிய கோர்டை ஈ, ஏ ஃப்ளாட், பி என்று மென்பொருள் எழுதிக் கொடுக்கும். அதை அப்படியே விட்டால் வாசிப்பவர் மூளை ஒரு விரலையும் காது இன்னொரு விரலையும் கேட்கும். ஒரு மாலை உட்கார்ந்து எல்லா ஷார்ப், ஃப்ளாட்டையும் கையால் சரிபாருங்கள். கோட்டுக்கு மேல் கோடாக ஏணி போகிற இடங்களில் ஒரு ஸ்தாயி இறக்கி எழுதி, மேலே புள்ளிக்கோடு போட்டுவிடுங்கள். விரல் எண்களைச் சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் போட்டால் போதும். எல்லாச் சுரத்துக்கும் போட்டால் நம்மைக் குழந்தை என்று நினைத்துவிட்டார் என்று கோபப்படுவார்கள்.

அறிகுறி: முடிக்கத் தெரியவில்லை

இத்தாலிய வயலின் கலைஞர் லொக்கட்டெல்லியின் 1733-ஆம் ஆண்டு வயலின் தொகுப்பில் 12-ஆவது கான்செர்ட்டோவுக்கு 'ஒத்திசைவுப் புதிர்வழி' என்று பெயர். அதன் கப்ரீஸின் தலையில் லத்தீனில் ஒரு வாசகம்: நுழைவது எளிது, வெளியேறுவது கடினம். அவர் வேண்டுமென்றே செய்தார். நமக்கு அது தானாக நடக்கிறது. ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்தினாலும் கரண்ட் போன மாதிரி இருக்கும்.

கடைசி நான்கு பாரை முதலில் எழுதிவிடுங்கள். ஜி மேஜர் என்றால் முடிவு கோர்டு உங்களுக்குக் கையிலேயே இருக்கிறது: திறந்த ஜி, திறந்த டி, ஏ தந்தியில் ஆள்காட்டி வைத்த பி, ஈ தந்தியில் நடுவிரல் வைத்த ஜி. நான்கு தந்தியும் முழங்கும். அதற்கு முந்தைய பாரில் டி மேல் நின்று, அதற்கும் முன்னால் ஓட்டத்தை ஒரே தந்திக்குச் சுருக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் போய் நடுவோடு இணையுங்கள்.

இணைத்த பின் கடைசியாக ஒரு வேலை. முடிவு கோர்டிலிருந்து பின்பக்கமாக வில்லை எண்ணுங்கள்: கீழ், மேல், கீழ், மேல். நான்கு தந்தியை முழங்க வைக்கிற அந்தக் கோர்டு கீழ் வில்லில் விழ வேண்டும், வில்லின் பிடிப்பக்கத்தில். மேல் வில்லில் விழுந்தால் முந்தைய பாரில் ஏதாவது இரண்டு சுரத்துக்கு ஒரு ஸ்லர் போடுங்கள். அது எந்த இரண்டு என்று வாசிப்பவரையே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.